கிளட்ச் பிளேட்டும் நம் வீட்டுப் பிள்ளைகளும்

புனே நகரத்தை இரு சக்கர வாகனங்களின் தலைநகர் என்று சொன்னால் யாரும் மறுக்க மாட்டார்கள். ஆகுர்டியில் பஜாஜ், லூனாவையும் பிறகு கைனடிக் ஹோண்டாவையும் தந்த ஃபிரோடியா குடும்பத்தின் நிறுவனங்கள், கோத்ரூட் பக்கத்துக் குன்றின்மேல் 1966 முதல் வண்டிகளைச் சோதித்துச் சான்று தரும் ஏ.ஆர்.ஏ.ஐ. என்னும் ஆராய்ச்சிச் சங்கம் என்று இந்த ஊரின் ஒவ்வொரு பக்கத்திலும் வண்டி வாசனை உண்டு. பஜாஜ் நிறுவனம் 2007-ல் ஆஸ்திரியாவின் கே.டி.எம். கம்பெனியில் பங்கு வாங்கியது. கே.டி.எம். டியூக் வண்டிகள் நம் சாக்கன் தொழிற்சாலையில் தயாராகி உலகமெல்லாம் போகின்றன. நம் சங்க அன்பர்களில் பலர் இந்தத் தொழிற்சாலைகளிலும், அவற்றுக்கு உதிரி பாகம் செய்து கொடுக்கும் போசரி, பிம்ப்ரிப் பட்டறைகளிலும் வேலை பார்த்தவர்கள், பார்ப்பவர்கள்.

அப்பாக்கள் வண்டி செய்தார்கள். பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் அதே வண்டியை மண்மேட்டில் தாவ விடுகிறார்கள். 1994-ல் தேசிய விளையாட்டுப் போட்டிகளுக்காக அமைந்த பாலேவாடி ஸ்டேடியத்தில் 2024 ஜனவரி 28 அன்று இந்தியன் சூப்பர்கிராஸ் ரேசிங் லீக்கின் முதல் பந்தயம் நடந்தது. லாரி லாரியாக மண் கொட்டி மேடு கட்டி, வெளிநாட்டு வீரர்களும் நம் நாட்டு வீரர்களும் 250, 450 சி.சி. வண்டிகளில் பறந்தார்கள். அதைப் பார்த்துவிட்டு வந்த நாளிலிருந்து எத்தனை வீடுகளில் பையன்கள் "எனக்கும் ஒரு டர்ட் பைக்" என்று கேட்கிறார்களோ தெரியாது. ஏற்கெனவே வாங்கிக் கொடுத்துவிட்ட வீடுகளில் அடுத்த கேள்வி வந்துவிட்டது: "கம்பெனி கிளட்ச் போதாது, அமெரிக்க கிளட்ச் போடணும்."

விலை கேட்டால் தலை சுற்றும். ஒரு முழு கிளட்ச் அசெம்பிளி அமெரிக்காவிலேயே ஏறத்தாழ ஆயிரம் டாலர். கப்பல் கூலி, சுங்கவரி எல்லாம் சேர்ந்து இங்கே வந்து இறங்கும்போது, ஆபீசுக்குப் போய்வரும் ஒரு புது மோட்டார் சைக்கிளையே அந்தப் பணத்துக்கு வாங்கிவிடலாம். இவ்வளவு கொடுக்கத்தான் வேண்டுமா? அல்லது இது வெறும் பந்தாவா? இந்த இரண்டு கேள்விக்கும் ஒரு இயந்திரக்காரனின் கண்ணோடு பதில் தேடுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

கிளட்ச் என்ன செய்கிறது?

ரயில்வேயில் நான் பழகிய டீசல் எலெக்ட்ரிக் எஞ்சினில் கிளட்ச் என்ற பாகமே கிடையாது. டீசல் எஞ்சின் மின்சாரம் உண்டாக்கும். அந்த மின்சாரம் மோட்டாரைச் சுற்றும். நின்ற நிலையிலேயே மோட்டார் முழு இழுவை கொடுக்கும். ஆனால் பெட்ரோல் எஞ்சின் அப்படி அல்ல. அது ஓடிக்கொண்டிருந்தால்தான் அதற்குப் பலம். நிற்கும் சக்கரத்தையும் ஓடும் எஞ்சினையும் மெல்லக் கை கோத்து வைக்க நடுவில் ஒரு தரகர் தேவை. அவர்தான் கிளட்ச்.

பழைய பஜாஜ் சேத்தக் ஓட்டியவர்களுக்கு 'கார்க் பிளேட்' ஞாபகம் இருக்கும். மோட்டோகிராஸ் வண்டியிலும் அதே குடும்பத்துக் கிளட்ச்தான். எண்ணெயில் நனைந்த பல பிளேட் கிளட்ச். வெளியே ஒரு கிண்ணம் போல அவுட்டர். அது எஞ்சினோடு சுற்றும். உள்ளே சென்டர் என்ற ஹப். அது கியர் பெட்டியோடு சுற்றும். இரண்டுக்கும் நடுவே உராய்வுப் பூச்சுள்ள பிளேட் ஒன்று, வெறும் எஃகு பிளேட் ஒன்று என்று மாற்றி மாற்றி அடுக்கியிருக்கும். பிரஷர் பிளேட் ஸ்பிரிங்குகளின் பலத்தால் அடுக்கை அழுத்திப் பிடிக்கும். லீவரை இழுத்தால் அழுத்தம் விடும். பிளேட்டுகள் தனித்தனியாக வழுக்கும்.

தெருவில் ஓட்டும்போது ஒரு சிக்னலுக்கு ஒருமுறை கிளட்ச் பிடிப்போம். பந்தயத்தில் கதை வேறு. கேட் விழுந்ததும் பெரும்பாலும் இரண்டாவது கியரிலேயே, ஹாஃப் கிளட்சில் எஞ்சினை அலறவிட்டுப் புறப்படுவார்கள். ஒவ்வொரு வளைவிலும் வேகம் குறைந்த எஞ்சினை எழுப்ப லீவரை ஒரு விரலால் தட்டித் தட்டி விடுவார்கள். ஒரு சுற்றில் எத்தனை வளைவோ அத்தனை முறை பிளேட்டுகள் வழுக்கிச் சூடாகும். சூடு ஏறினால் எஃகு பிளேட் வளையும், உராய்வுப் பூச்சு கருகும், எண்ணெய் கெடும். மோட்டோகிராஸ் கிளட்சின் முதல் எதிரி வேகமல்ல, சூடு.

ஒரு சின்னக் கணக்கு

கணக்கு என்றதும் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். எட்டாம் வகுப்புப் பெருக்கல்தான்.

கிளட்ச் தாங்கும் முறுக்குவிசை நான்கு எண்களின் பெருக்கல்: உராய்வுக் குணகம், உராயும் முகங்களின் எண்ணிக்கை, ஸ்பிரிங் அழுத்தம், பிளேட்டின் சராசரி ஆரம். எடுத்துக்காட்டாக, 8 உராய்வு பிளேட் என்றால் 16 முகம். எண்ணெயில் நனைந்த நிலையில் குணகம் 0.12 என்று வைப்போம். ஸ்பிரிங்குகள் மொத்தம் 1000 நியூட்டன், அதாவது சுமார் 100 கிலோ எடை. ஆரம் 5.5 செ.மீ. பெருக்கினால் ஏறத்தாழ 105 நியூட்டன் மீட்டர்.

250 சி.சி. எஞ்சின் 28 நியூட்டன் மீட்டர் கொடுக்கிறது, முதல் கியர்ச் சக்கரம் அதை மூன்று மடங்கு ஆக்குகிறது என்றால் கிளட்சுக்கு வருவது 84. தாங்குவது 105, வருவது 84. நாலில் ஒரு பங்கு கையிருப்பு. கம்பெனி வடிவமைப்பாளர் இப்படி ஒரு கையிருப்பை வைத்தே வண்டியை வெளியே அனுப்புகிறார்.

இப்போது பிளேட் தேய்கிறது. தேயத் தேய ஸ்பிரிங் சற்றே நீண்டு, அழுத்தம் 10 சதவீதம் குறைகிறது என்று வையுங்கள். தாங்கும் சக்தி 95. இன்னும் பயமில்லை. அதோடு பையன் காருக்கு ஊற்றும் எண்ணெயை வண்டிக்கும் ஊற்றிவிட்டான். எரிபொருள் மிச்சமாக வேண்டுமென்று கார் எண்ணெய் பலவற்றில் வழுக்கும் ரசாயனம் சேர்த்திருக்கும். குணகம் 0.10 ஆகக் குறைந்தால் தாங்கும் சக்தி 79. வருவதோ 84. கிளட்ச் வழுக்குகிறது! எஞ்சின் அலறுகிறது, வண்டி நகர மறுக்கிறது.

இந்த நிலையில்தான் பல பையன்கள் "கம்பெனி கிளட்ச் லாயக்கில்லை" என்று தீர்ப்பு எழுதுகிறார்கள். உண்மையில் குற்றவாளி முந்நூறு நானூறு ரூபாய் எண்ணெயும், மாற்ற வேண்டிய ஸ்பிரிங்கும். டப்பாவின் மேல் 'ஜாஸோ எம்.ஏ.' அல்லது 'எம்.ஏ.2' என்று இருக்கிறதா என்று பாருங்கள். நனைந்த கிளட்ச் உள்ள மோட்டார் சைக்கிள்களுக்காக ஜப்பானியர் வகுத்த தரம் அது.

கம்பெனி கிளட்ச்: பலமும் பலவீனமும்

கம்பெனி கிளட்சின் பெரிய பலம் பொருத்தம். அந்த எஞ்சின், அந்த எண்ணெய், அந்த லீவர் எல்லாவற்றையும் சேர்த்து ஆயிரக்கணக்கான மணி நேரம் ஓட்டிப் பார்த்து முடிவு செய்த பாகம். லீவர் இலகுவாக இருக்கும், பிடிப்பு மெதுவாக வரும், பழகுபவனுக்கு ஏற்றது.

பலவீனம் எங்கே என்றால், பல ஜப்பானிய வண்டிகளில் அவுட்டர் அச்சில் வார்த்த அலுமினியம். உராய்வு பிளேட்டின் காதுகள் அவுட்டரின் விரல்களில் உட்கார்ந்து, ஒவ்வொரு முறை ஆக்சிலரேட்டர் முறுக்கும்போதும் விடும்போதும் சுத்தியல் போல அடிக்கும். நாளடைவில் விரல்களில் பள்ளம் விழும். பிளேட் அந்தப் பள்ளத்தில் மாட்டிக்கொண்டு நகர மறுக்கும். லீவரைப் பிடித்தாலும் கிளட்ச் முழுவதும் விடாது. விட்டால் ஒரேயடியாகக் கவ்வும். அரம் போட்டுத் தேய்த்துச் சமாளிப்பார்கள். அது நாலைந்து நாள் வைத்தியம்; தேய்க்கத் தேய்க்க இடைவெளி கூடி, அடி இன்னும் பலமாக விழும்.

எல்லாக் கம்பெனிகளும் இதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை. கே.டி.எம். தன் மோட்டோகிராஸ் வண்டிகளில் எஃகு அவுட்டரும், பல சுருள் ஸ்பிரிங்குக்குப் பதில் தட்டு போன்ற ஒற்றை டயஃப்ரம் ஸ்பிரிங்கும், ஹைட்ராலிக் லீவரும் கொடுக்கிறது. கவாசாகி 2019-ல் தன் கே.எக்ஸ். 450 வண்டிக்கு ஹைட்ராலிக் கிளட்சையும் தட்டு ஸ்பிரிங்கையும் கொண்டு வந்தது. ஆகவே "கம்பெனி" என்று ஒரே கூடையில் எல்லாவற்றையும் போடக் கூடாது. எந்தக் கம்பெனி, எந்த வருஷ மாடல் என்று முதலில் கேட்க வேண்டும்.

வெளிப்பாகம் எதற்கு வந்தது?

மண்மேட்டுப் பந்தயத்துக்கு நூறு வயது ஆகிவிட்டது. 1924-ல் இங்கிலாந்தின் கேம்பர்லியில் நடந்த பந்தயமே இதற்குத் தொடக்கம் என்பார்கள். 1972-ல் அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலிஸ் ஸ்டேடியத்துக்குள் மண் கொட்டி ஓட்டிய பந்தயம் சூப்பர்கிராஸுக்கு வழி வகுத்தது. 1986-ல் அமெரிக்கப் பந்தய அமைப்பு ஒரு விதி கொண்டு வந்தது: கம்பெனிகள் தங்கள் வீரர்களுக்கென்று ரகசியமாகச் செய்யும் தனி வண்டிகள் கூடாது, கடையில் விற்கும் வண்டியை அடிப்படையாகக் கொண்டுதான் ஓட்ட வேண்டும். பாகங்களை மட்டும் மேம்படுத்திக்கொள்ளலாம். கடை வண்டியைப் பந்தயத்துக்குத் தாங்க வைக்கும் பாகங்களுக்கு மதிப்புக் கூடியது.

ஹின்சன் போன்ற அமெரிக்க நிறுவனங்கள் வார்ப்புக்குப் பதிலாகக் கெட்டி அலுமினியக் கட்டியைக் கடைந்து அவுட்டர் செய்கின்றன. மேலே கடினப் பூச்சும் உண்டு. பள்ளம் விழ நீண்ட காலம் ஆகும். ரெக்லூஸ் என்ற நிறுவனத்தின் ஒரு வழி இன்னும் சுவாரசியமானது. பிளேட்டை மெலிதாக்கி, அதே இடத்தில் கூடுதல் பிளேட் அடுக்குகிறார்கள். மேலே போட்ட கணக்கைத் திரும்பப் பாருங்கள். முகங்களின் எண்ணிக்கை கூடினால், ஸ்பிரிங்கைக் கடினமாக்காமலே தாங்கும் சக்தி கூடிவிடுகிறது.

ஸ்பிரிங்கை மட்டும் மாற்றுவது மலிவான வழி. 15 சதவீதம் கடினமான ஸ்பிரிங் போட்டால் 105 என்பது 121 ஆகும். ஆனால் இலவசமாக எதுவும் வராது. லீவரும் அதே 15 சதவீதம் கனமாகும். இருபது நிமிடப் பந்தயத்தில் முன்கை கல்லாகிவிடும். விரல் மரத்துப்போன பிள்ளை பிரேக்கையும் சரியாகப் பிடிக்க மாட்டான்.

டி.வி.எஸ். 50-இன் பெரிய தம்பி

வெளிச்சந்தையில் இன்னொரு சரக்கு 'ஆட்டோ கிளட்ச்'. லீவரைத் தொடாமலே வண்டி நிற்கும், புறப்படும், அணையாது. அமெரிக்க அதிசயம் என்று பிள்ளைகள் வியக்கும்போது நான் சிரித்துக்கொள்வேன். 1980-ல் ஓசூரிலிருந்து வந்த டி.வி.எஸ். 50-ல் நம் ஊர் பால்காரரும் தபால்காரரும் ஓட்டியது இதே தத்துவம்தானே! சுற்றும் வேகம் கூடும்போது எடைகள் வெளிப்புறம் விரிந்து கிளட்சைக் கவ்வ வைக்கும். வேகம் குறைந்தால் சுருங்கி விட்டுவிடும். ரெக்லூஸ்காரர்கள் அதைப் பல பிளேட் அடுக்குக்குள் புகுத்தி, லீவரையும் வைத்திருக்கிறார்கள்.

காட்டுப் பாதையில், பாறையில், மெதுவாக ஏறும் எண்டியூரோ ஓட்டத்துக்கு இது மிகவும் உதவும். விழுந்து எழும்போது எஞ்சின் அணையாமல் இருப்பது பெரிய வரம். ஆனால் பழகத் தொடங்கும் பிள்ளைக்கு முதலிலேயே இதைப் பூட்டிவிட்டால் இடது கை பாடம் கற்காது. சைக்கிளில் பக்கவாட்டுச் சக்கரம் போட்டது போலாகிவிடும்.

பாக்கெட்டைப் பார்த்து ஏமாறாதீர்கள்

சென்னையில் புதுப்பேட்டை, ஜி.பி. ரோடு எப்படியோ, புனேயில் நானா பேட் அப்படி. எந்த வண்டிக்கும் எந்தப் பாகமும் கிடைக்கும். நேர்மையான வியாபாரிகள் நிறைய. ஆனால் அசலைப் போலவே பாக்கெட் அடித்த போலியும் ஊடே கலந்து வரும். எங்கள் குடியிருப்புப் பையன் ஒருவன் ஒரு கடையில் பாதி விலைக்கு பிளேட் செட் வாங்கி வந்தான். இரண்டு நாள் பயிற்சியிலேயே உராய்வுப் பூச்சு துண்டு துண்டாகப் பெயர்ந்து எண்ணெய்ச் சல்லடையை அடைத்தது. என்னிடம் கொண்டு வந்து காட்டினான். பூச்சு பிளேட்டில் ஒட்டிய இடத்தில் பசை பாதிதான் பிடித்திருந்தது.

இதில் பணம் மட்டும் போவதில்லை. மேட்டின் முகத்தில் ஏறும்போது கிளட்ச் வழுக்கினால், தாவத் தேவையான வேகம் கிடைக்காது. இரண்டு மேட்டுக்கும் நடுவே உள்ள பள்ளத்தில் வண்டி மூக்கால் இறங்கும். அதேபோல், விட வேண்டிய நேரத்தில் விடாத கிளட்ச், தடுமாறிய வண்டியைப் பையனோடு இழுத்துக்கொண்டு போகும். மணிக்கட்டு, காறை எலும்பு, முதுகு எல்லாம் பணயம். வெளிப்பாகம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பெயர் தெரியாத பாகம் வேண்டாம் என்கிறேன்.

ரயில்வேயில் ஒரு பிரேக் பிளாக் வாங்குவதானாலும் லக்னோவின் ஆர்.டி.எஸ்.ஓ. ஒப்புதல் பெற்றவரிடம்தான் வாங்க வேண்டும். அங்கே கேள்வி "யார் செய்தது, எப்படிச் சோதித்தது?" என்பதுதான். விலை அதற்கு அப்புறம். வீட்டுக்கும் அதே விதி போதும்.

எந்த வரிசையில் செலவு செய்வது?

என் யோசனை இதுதான்.

முதலில் சரியான எண்ணெய், காலத்தில் மாற்றம். பந்தய வண்டியில் எண்ணெய்க்குக் கிலோமீட்டர் கணக்கு கிடையாது, மணிக் கணக்குத்தான்.

இரண்டாவது, லீவரின் விளையாட்டு. கேபிள் கிளட்சில் லீவர் நுனியில் ஏறத்தாழ ஒரு செ.மீ. தளர்வு பல வண்டிகளுக்கு இருக்கும். உங்கள் வண்டியின் கையேடு சொல்வதே சரியான அளவு. தளர்வே இல்லாமல் இறுக்கிவிட்டால் லீவரைத் தொடாதபோதும் கிளட்ச் பாதி வழுக்கிக்கொண்டே இருக்கும்.

மூன்றாவது, பிரித்து அளப்பது. பிளேட்டின் தடிமனை வெர்னியரில் அளக்கவும். எஃகு பிளேட்டைத் தட்டையான கண்ணாடிமேல் வைத்து, கீழே ஃபீலர் கேஜ் நுழைகிறதா என்று பார்க்கவும், நுழைந்தால் வளைந்திருக்கிறது. நீலம் பாய்ந்திருந்தால் சூடேறியிருக்கிறது. ஸ்பிரிங்கின் நீளத்தை அளக்கவும். கையேட்டின் எல்லை தாண்டியதை மட்டும் மாற்றவும். புது உராய்வு பிளேட்டைப் பூட்டுமுன் எண்ணெயில் ஊற வைப்பதை மறக்க வேண்டாம். இந்தக் கட்டம் வரை கம்பெனி பாகமே நல்லது.

நான்காவது, அவுட்டர் விரல்களில் பள்ளம் ஆழமாகிவிட்டது, எப்படியும் புது அவுட்டர் வாங்கித்தான் ஆக வேண்டும் என்ற நாள் வரும். அன்றைக்குத்தான் வெளிப்பாகத்துக்கு நியாயம் பிறக்கிறது. கம்பெனி அவுட்டரும் மலிவல்ல. வாரம் தவறாமல் பந்தயம் ஓட்டுபவனுக்கு, கடைந்தெடுத்த அவுட்டர் பல மடங்கு காலம் உழைத்து விலையைத் திருப்பித் தரும். மாதம் ஒருமுறை ஓட்டுபவனுக்குக் கம்பெனி அவுட்டரே போதும்.

பூட்டுவதிலும் கவனம் வேண்டும். சில அவுட்டர்களுக்குப் பழைய அவுட்டரின் ரிவெட்டைத் துளைத்து, கியர்ச் சக்கரத்தைக் கழற்றிப் புதியதில் மாட்ட வேண்டும். திருகுகளுக்குப் பூட்டுப்பசையும் சரியான முறுக்கு அளவும் அவசியம். சென்டர் நட்டைக் கழற்ற அதற்கென்று பிடிப்பான் உண்டு. உளியையும் சுத்தியலையும் எடுக்கும் மெக்கானிக்கிடம் ஆயிரம் டாலர் பாகத்தைக் கொடுக்காதீர்கள். விரல் ஒன்று விண்டால் வைத்தியம் கிடையாது.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை

இந்த விளையாட்டைப் பற்றி நம் வீடுகளில் பயமும் உண்டு, சற்று இளக்காரமும் உண்டு. "படிக்கிற பிள்ளைக்கு இது எதுக்கு?" என்கிறோம். 2015-ல் பெங்களூரின் சி.எஸ். சந்தோஷ் உலகின் மிகக் கடினமான டக்கார் பந்தயத்தை 36-வது இடத்தில் முடித்தார். அதை முடித்த முதல் இந்தியர் அவர்தான். 2024-ல் டி.வி.எஸ். அணியில் ஓட்டிய கேரளத்தின் ஹரித் நோவா, டக்காரில் ராலி 2 பிரிவை வென்று மொத்தத்தில் 11-வதாக வந்தார். மண்மேட்டில் தொடங்கிய பாதை எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு இவை சாட்சி.

ஆனால் தொடக்கம் முறையாக இருக்க வேண்டும். இந்திய மோட்டார் விளையாட்டுக் கழகங்களின் கூட்டமைப்பு அங்கீகரித்த பந்தயம், உரிமம், ஆம்புலன்ஸ் நிற்கும் பயிற்சித் தளம், தலைக்கவசம், கழுத்துக்கும் முழங்காலுக்கும் காப்பு இவையெல்லாம் முதலில். மோட்டோகிராஸ் வண்டி ரோட்டில் ஓட்டப் பதிவு பெற்றதல்ல. டிரெய்லரில் ஏற்றித்தான் தளத்துக்குக் கொண்டுபோக வேண்டும். காப்பு உடைக்குக் கைப்பிடிப்புக் காட்டிவிட்டு கிளட்சுக்குக் கொட்டிக் கொடுப்பது, கூரை ஒழுகும் வீட்டுக்குப் பட்டுத் திரைச்சீலை வாங்குவது போல.

உங்கள் பையன் அமெரிக்க கிளட்ச் கேட்டால் கோபிக்க வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை காலை ஒரு பழைய பேப்பரை விரித்து, "சரிப்பா, இப்ப இருக்கிறதைப் பிரி, அளந்து எழுது, அப்புறம் பேசலாம்" என்று சொல்லுங்கள். எது தேய்ந்திருக்கிறது, எது தேயவில்லை என்று அவனே எழுதிக்கொண்டு வரட்டும். அந்தத் தாளில் அவுட்டர் போய்விட்டது என்று இருந்தால் தயங்காமல் வாங்கிக் கொடுங்கள். எண்ணெய்தான் தப்பு என்று இருந்தால் ஒரு டப்பா எண்ணெயோடு செலவு முடிந்தது. எப்படியிருந்தாலும் வீட்டில் ஒரு நல்ல மெக்கானிக் உருவாகியிருப்பான்.